வாசலுக்கு வந்து கணக்குக் கேட்பவர்கள்



எளாவூரிலிருந்தும் ஆரம்பாக்கத்திலிருந்தும் மாதர்பாக்கத்திலிருந்தும் எழுதும் வாசகர்கள் ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். "வீட்டுக்கு வருகிறார்கள். குடும்பத்தில் எத்தனை பேர், எத்தனை காணி நிலம், பையனுக்கு எந்தக் கம்பெனியில் வேலை, வெளியே கடன் எவ்வளவு என்று ஒரு மணி நேரம் கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்கள். அதற்குப் பிறகு ஆளையே காணோம். இந்த ஆராய்ச்சியால் எங்களுக்கு என்ன கிடைத்தது?"

நியாயமான கேள்வி. இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியாது. அதனால்தான் இந்த மாதத்து ஆசிரியர் பக்கத்தை முழுவதுமாக அந்த மனிதர்களுக்கே கொடுக்கிறேன். கட்சியையோ கம்பெனியையோ சாராமல், லாப நோக்கம் இல்லாமல், இந்த மாநிலத்து மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று ஆராய்வதையே வேலையாகக் கொண்டவர்கள் அவர்கள். அவர்களுடைய பெயர் செய்தித்தாளில் அதிகம் வருவதில்லை. அவர்கள் திரட்டிய உண்மை மட்டும் சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் மேடைகளிலும் பேர் இல்லாமல் உலவுகிறது.

சென்னை அடையாறு காந்தி நகரில், மரங்கள் நிழல் தரும் ஒரு தெருவில் இருக்கிறது சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம். 1971-இல் இதைத் தொடங்கியவர்கள் மால்கம் ஆதிசேஷையாவும் அவர் மனைவி எலிசபெத்தும். வேலூரில் பிறந்த ஆதிசேஷையா, சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவர். பிறகு பாரிஸில் யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநர் பதவி வரை உயர்ந்தவர். ஓய்வு பெற்றதும் உலகத்தின் எந்த நகரத்திலும் வசதியாக இருந்திருக்கலாம். அவர் சென்னைக்குத் திரும்பி, தம் சொந்தச் சேமிப்பை முதலாகப் போட்டு ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். 1977-இல் மத்திய அரசின் இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழுவும் தமிழ்நாடு அரசும் அதற்குக் கைகொடுத்தன. அடுத்த ஆண்டு இயக்குநரானவர் சி.டி. குரியன். தமிழ்நாட்டுக் கிராமங்களில் விளைச்சல் கூடியபோதும் வறுமை ஏன் தேங்கி நிற்கிறது என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு பல ஆண்டுகள் உழைத்த ஆசிரியர் அவர்.

அங்கே நடக்கும் வேலையின் அருமை புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், இந்தியப் பொருளாதாரத்தை லண்டனில் அச்சான புத்தகத்திலிருந்து கற்பிக்க முடியாது என்று சீக்கிரமே உணர்ந்துகொண்டார். 1916-இல் மாணவர்கள் கையில் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்து, விடுமுறையில் கிராமங்களுக்குப் போய்க் கணக்கெடுத்து வரச் சொன்னார். தென்னாற்காட்டு இருவேல்பட்டு, வடாற்காட்டுத் தூசி, தஞ்சையின் பாலக்குறிச்சி, நெல்லையின் கங்கைகொண்டான், சிவகாசிப் பக்கத்து வடமலாபுரம் என்று பல ஊர்கள். யாரிடம் எவ்வளவு நிலம், எத்தனை மாடு, என்ன கூலி, எவ்வளவு கடன் எல்லாம் எழுதப்பட்டு 1918-இல் புத்தகமாயிற்று. வடமலாபுரத்துக் கணக்கை எழுதிய மாணவர் பி.எஸ். லோகநாதன், பின்னாளில் ஐ.நா.வின் ஆசியப் பொருளாதார ஆணையத்தின் முதல் செயலாளரானார்.

ஒருமுறை எடுத்த கணக்கு ஓர் ஊரின் புகைப்படம்தான். அதே ஊருக்கு இருபது ஆண்டு கழித்து மறுபடி போனால்தான் ஊர் நகர்ந்த திசை தெரியும். 1936-37-இல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அந்த ஊர்களுக்குத் திரும்பப் போனார்கள். 1961-இல் மார்கரெட் ஹாஸ்வெல் போனார். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தார் அந்தப் பொறுப்பைத் தோளில் ஏற்றார்கள். எஸ். குகன் இருவேல்பட்டுக்கும் பாலக்குறிச்சிக்கும் தூசிக்கும் போனார். வெங்கடேஷ் ஆத்ரேயா வடமலாபுரத்துக்கும் கங்கைகொண்டானுக்கும் போனார். 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் மறுபடி இருவேல்பட்டுக்குப் போனார்கள்.

இப்படியாக இருவேல்பட்டு என்ற ஒரு சாதாரணத் தமிழ்க் கிராமத்தின் தொண்ணூறு ஆண்டு வாழ்க்கை நம் கையில் இருக்கிறது. 1916-இல் அங்கே பண்ணைக்குக் கடனால் கட்டுண்ட படியாட்கள் இருந்தார்கள். 2008-இல் படியாள் இல்லை. வெளியூர் வேலையும் ரேஷன் அரிசியும் கையில் வந்த பிறகு, நிலக்காரர் வாசலில் நிற்க வேண்டிய கட்டாயம் தளர்ந்திருக்கிறது. ஆனால் நிலம் பெரிதாகக் கைமாறிவிடவில்லை. "எல்லாம் மாறிவிட்டது" என்பவருக்கும் "எதுவுமே மாறவில்லை" என்பவருக்கும் இந்த ஒரே கணக்கு பதில் சொல்கிறது.

நம் பகுதி வாசகர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அன்று ஏர் உழுத கங்கைகொண்டானில் இன்று சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. தூசி இருக்கும் வட்டாரத்தில் செய்யாறு சிப்காட் வந்துவிட்டது. அந்த ஊர்க்காரர்கள், தொழிற்சாலை வருவதற்கு முன்னால் தங்கள் ஊர் எப்படி இருந்தது என்று ஆதாரத்தோடு காட்ட முடியும். கும்மிடிப்பூண்டி சிப்காட் வந்து ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிறது. தேர்வாய்க்கண்டிகையில் மேய்க்கால் காடு இருந்த இடத்தில் தொழிற்பேட்டை வந்தாயிற்று. கண்ணன்கோட்டை ஏரியோடு சேர்த்து அங்கே கட்டிய நீர்த்தேக்கம் 2020-இல் திறக்கப்பட்டது. இத்தனை மாற்றத்தைக் கண்ட எளாவூருக்கு, முன்பு எப்படி இருந்தோம் என்று சொல்ல, பெரியவர்களின் நினைவைத் தவிர என்ன இருக்கிறது? பெரியவர்கள் போன பிறகு அதுவும் இருக்காது.

இந்த வேலையைச் செய்பவர்களின் நாள் எப்படிப் போகிறது என்றும் சொல்ல வேண்டும். பேராசிரியர் பெயரில் அறிக்கை வரும். அதற்குள் இருக்கும் கால்கள் கள ஆய்வாளர்களுடையவை. பெரும்பாலும் இளைஞர்கள், சிறு ஊர்களிலிருந்து முதல் தலைமுறையாகப் படித்து வந்தவர்கள். முதலில் ஊரின் எல்லா வீடுகளையும் பட்டியல் எடுக்க வேண்டும். சேரியும் காலனியும் இருளர் குடிசைகளும் ஒன்றுகூட விடுபடக் கூடாது. பிறகு எந்த வீடுகளில் விரிவாகக் கேட்பது என்று குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்க வேண்டும். வசதியாகப் பேசுகிற வீட்டுக்குப் போய்விட்டு வசதியில்லாத வீட்டைத் தாண்டிவிட்டால் கணக்கு முழுவதும் பொய்யாகிவிடும். ஷிப்ட் முடிந்து ஆள் வீடு திரும்பும் நேரம் பார்த்துப் போக வேண்டும். அது பொழுது சாய்ந்த பிறகாகவும் இருக்கும், விடிகாலையாகவும் இருக்கும்.

"மாத வருமானம் எவ்வளவு?" என்று கேட்டால் பதில் வராது. நம் பக்கத்தில் மாத வருமானம் என்று ஒன்று பாதிப் பேருக்குக் கிடையாது. போன மாதம் எத்தனை நாள் வேலை, நாள் கூலி என்ன, ஓவர் டைம் உண்டா, மேஸ்திரி எவ்வளவு பிடித்துக்கொண்டார், அட்வான்ஸ் வாங்கினீர்களா, அதை எப்படிக் கழிக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்டால்தான் உண்மைக்குப் பக்கத்தில் வர முடியும். அதையும் எளாவூரில் தமிழில் மட்டும் கேட்டால் போதாது. ஒரு தெருவில் தெலுங்கு வேண்டும். தொழிலாளர் குடியிருப்பில் இந்தியும் ஒடியாவும் வங்காளமும் வேண்டும். பெண்களிடம் கேட்கப் பெண் ஆய்வாளர் வேண்டும். வீட்டு ஆண் பக்கத்தில் நிற்கும்போது ஒரு பதில், அவர் நகர்ந்ததும் வேறொரு பதில் வருவது இந்த வேலையில் இருப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். இரண்டையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, அந்த அம்மாவுக்குச் சங்கடம் வராமல் எழுதத் தெரிந்தவர்தான் நல்ல ஆய்வாளர்.

எழுதியது அலுவலகம் வந்த பிறகு இன்னொரு கூட்டம் உழைக்கிறது. விடுபட்டதைக் கண்டுபிடித்து மறுபடி ஊருக்கு அனுப்புகிறவர்கள், கணினியில் ஏற்றுகிறவர்கள், அட்டவணை போடுகிறவர்கள், 1930-களின் அறிக்கையைத் தூசி தட்டி எடுத்துக் கொடுக்கும் நூலகர்கள், கிடைக்கும் மானியத்தில் மாதச் சம்பளத்தை ஓட்டும் கணக்கர்கள். ஆராய்ச்சிக்கு மானியம் தாமதமாகும். சில ஆண்டு குறையும். கள ஆய்வாளர்களில் பலருக்கு ஒரு திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். நம் வறுமையைக் கணக்கெடுக்க வரும் பிள்ளைக்கே நாளைய வேலை உறுதியில்லை என்பதை, அடுத்த முறை கதவைத் தட்டும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நமக்கு என்ன கிடைத்தது? மூன்று பேரின் வேலையைச் சொல்கிறேன்.

முதலாமவர் குகன். தமிழக அரசின் நிதித்துறைச் செயலாளராக இருந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி. அரசுப் பணத்தின் போக்குவரத்தை உள்ளிருந்து அறிந்தவர், ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்து அந்த அறிவை ஏழைகள் பக்கம் திருப்பினார். நிரந்தர வேலையில்லாத கோடிக்கணக்கானவர்களுக்கு முதுமையில் ஓய்வூதியம், சம்பாதிப்பவர் இறந்தால் குடும்பத்துக்கு உதவி, பேறுகால உதவி ஆகியவற்றை அரசு தர முடியுமா, அதற்கு எவ்வளவு செலவாகும் என்று 1990-களின் தொடக்கத்தில் ரூபாய்க் கணக்காகவே போட்டுக் காட்டினார். தமிழ்நாடு 1962-லேயே முதியோர் ஓய்வூதியம் கொடுக்கத் தொடங்கிய மாநிலம் என்ற அனுபவம் அவருக்குத் துணை. 1995 ஆகஸ்ட் 15 அன்று மத்திய அரசு தொடங்கிய தேசிய சமூக உதவித் திட்டத்தில் இந்த மூன்றுமே இருந்தன. ஒரு திட்டம் பிறக்க நூறு காரணம் உண்டு. ஒரே கட்டுரையால் பிறந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் "பணத்துக்கு எங்கே போவது?" என்று கேட்டவர்களுக்கு எதிரே, விடையை எழுதி வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். குகன் 1998-இல் மறைந்தார். எளாவூர் அஞ்சலகத்திலோ வங்கியிலோ ஓய்வூதியம் வாங்கும் பாட்டிக்கு அவர் பெயர் தெரிந்திருக்காது.

இரண்டாமவர் நாகராஜ். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் அச்சிடும் தற்கொலை அட்டவணைகள் எல்லாருக்கும் கிடைத்தவைதான். இறந்தவரின் தொழில் என்ன என்ற பத்தியும் அதில் இருந்தது. ஆண்டு ஆண்டாக, மாநிலம் மாநிலமாக அதைக் கூட்டிப் பார்த்தவர் நாகராஜ். 1997 முதல் 2006 வரை பத்து ஆண்டுகளில் 1,66,304 விவசாயிகள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள் என்று 2008-இல் அவர் ஆய்வு வெளிவந்தது. தனித்தனிச் சாவாக ஊருக்கு ஊர் அழுது முடித்தது, ஒரு நாட்டின் துயரமாகத் தெரிய வந்தது. பி. சாய்நாத் போன்ற பத்திரிகையாளர்கள் அந்த எண்ணை நாடெங்கும் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு "அப்படி ஒன்றும் இல்லை" என்று சொல்லித் தப்புவது எளிதாக இருக்கவில்லை.

மூன்றாமவர் எஸ். ஜனகராஜன். வாழ்நாள் முழுவதும் தண்ணீரைப் பற்றி ஆராய்ந்தவர். காவிரி விவகாரம் கொதித்துக்கொண்டிருந்த காலத்தில், மன்னார்குடி ரங்கநாதன் தலைமையிலான டெல்டா விவசாயிகளும் கர்நாடக விவசாயிகளும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேச 2003-இல் இடம் கொடுத்தது சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம். அதிலிருந்து பிறந்ததுதான் காவிரிக் குடும்பம் என்ற விவசாயிகள் குழு. இவர்கள் அங்கே போய் அவர்களுடைய வயலைப் பார்த்தார்கள். அவர்கள் இங்கே வந்து காய்ந்த நாற்றங்காலைப் பார்த்தார்கள். வழக்கு நீதிமன்றத்தில்தான் முடிந்தது. ஆனாலும் இரு மாநிலத்து உழவர்களும் ஒருவரையொருவர் எதிரியாகப் பார்க்காமல் சில ஆண்டுகளாவது பேசிக்கொண்டிருந்ததற்குப் பின்னால் ஆராய்ச்சியாளர்களின் உழைப்பு இருந்தது.

ஜனகராஜனின் வேலையில் நம் திருவள்ளூர் மாவட்டத்துக்கும் நேரடிப் பங்கு உண்டு. ஆரணியாற்றுக்கும் கொசஸ்தலையாற்றுக்கும் நடுவே மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம், பூண்டி பக்கங்களில் சென்னைக் குடிநீருக்கான கிணற்று வயல்கள் இருக்கின்றன. வறட்சி ஆண்டுகளில் விவசாயிகளின் பம்புசெட் தண்ணீரையும் நகரம் விலைக்கு வாங்கியது. தண்ணீர் விற்றவருக்குப் பணம் வந்தது. அந்த வயலில் நாற்று நட்டுக் களையெடுத்துப் பிழைத்த கூலிக்காரப் பெண்ணுக்கு என்ன வந்தது? அவள் வேலை போயிற்று. பக்கத்துச் சிறு விவசாயியின் கிணறும் இறங்கிப்போயிற்று. மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே ஏறியது. நகரம் வளரும்போது அதன் ஓரத்து ஊர்கள் எதை இழக்கின்றன என்று கேட்டுப் பதிவு செய்தவர்களில் அவர் முக்கியமானவர். நம் கிணறு வற்றியது நம் தலைவிதியால் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, அதற்கு ஒரு காரணமும் கணக்கும் உண்டு என்று தெரிந்தது.

இனி, எடுக்கப்படாத கணக்கைப் பற்றி.

எளாவூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருவது சோதனைச் சாவடி. ஆந்திர எல்லைக்கு முன்னால் தேசிய நெடுஞ்சாலையில் லாரிகள் நிற்கும் இடம். ஜி.எஸ்.டி. வந்த 2017 ஜூலைக்கு முன்பு என்ன சரக்கு, எவ்வளவு, யாருக்கு என்று ஒவ்வொரு லாரிக்கும் காகிதம் இருந்தது. அதே சாலையிலும் அதன் பக்கத்து ரயில் தடத்திலும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த மனிதர்களுக்குக் காகிதம் இல்லை. வெளிமாநிலத் தொழிலாளரைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1979-லேயே சட்டம் வந்துவிட்டது. தமிழ்நாடு அரசு 2015-இல் எடுக்கச் செய்த கணக்கில் மாநிலத்தில் பத்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிமாநிலத் தொழிலாளர்கள் இருந்தார்கள். திருவள்ளூர் அவர்கள் அதிகமாக இருக்கும் மாவட்டங்களில் ஒன்று. அதற்குப் பிறகு எத்தனை பேர் வந்தார்கள், எந்த உருக்காலையில், எந்தச் செங்கல் சூளையில், எந்த அரிசி ஆலையில் இருக்கிறார்கள்?

2020 பொதுமுடக்கத்தில் அந்தக் கேள்வி நெடுஞ்சாலையில் இறங்கி நடந்தது. நாடு முழுவதும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் சொந்த ஊர் திரும்பினார்கள். வழியில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று அந்த செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டபோது, அப்படி ஒரு தரவு இல்லை என்று மத்திய அரசு சொன்னது. எண்ணப்படாதவருக்கு இழப்பீடு கிடையாது. கணக்கில் வராத குழந்தைக்குப் பள்ளியில் இடம் ஒதுக்க மாட்டார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் 2011-க்குப் பிறகு 2027-க்குத் தள்ளிப்போய்விட்டது. பதினாறு ஆண்டு இடைவெளியில் நம் பக்கத்து ஊர்கள் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டன. இந்த இடைவெளியை நிரப்பக்கூடியவர்கள், ஊருக்கே வந்து தங்கி, மெதுவாகக் கேட்டு எழுதும் ஆராய்ச்சியாளர்கள்தான்.

அவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கையும் உண்டு. அன்போடு, உரிமையோடு கேட்கிறேன். எங்கள் வாசலில் கேட்ட கேள்விக்கு விடை எங்கள் வாசலுக்கே திரும்ப வர வேண்டும். இருவேல்பட்டைப் பற்றி எழுதியவை பெரும்பாலும் ஆங்கிலத்தில், ஆராய்ச்சி இதழ்களில் இருக்கின்றன. இருவேல்பட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை தன் ஊரின் தொண்ணூறு ஆண்டை எங்கே படிக்கும்? ஒவ்வோர் ஆய்வு முடிந்ததும் பத்துப் பக்கத்தில், எளிய தமிழில், அந்த ஊர் கிராம சபையில் படித்துக் காட்டும்படி ஒரு சுருக்கம் கொடுங்கள். தகவல் கொடுத்தவர்களின் பெயர் வெளியே போகாமல் காக்க உங்களுக்குத் தெரியும். மீதியை ஊருக்குச் சொல்லுங்கள். ஊர் அதை வைத்து ஊராட்சியிலும் ஆட்சியர் அலுவலகத்திலும் பேசும். வாசகர்களின் கேள்விக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது.

வாசகர்களுக்கும் சொல்கிறேன். அடையாளச் சீட்டைப் பாருங்கள், எந்த நிறுவனம், எதற்காக என்று கேளுங்கள், சொல்ல விருப்பமில்லாததைச் சொல்ல மறுங்கள். அது உங்கள் உரிமை. மற்றதை உண்மையாகச் சொல்லுங்கள். உதவி கிடைக்கும் என்று நினைத்து வருமானத்தைக் குறைத்துச் சொன்னாலும், கௌரவத்துக்காகக் கடனை மறைத்தாலும், தவறிப்போவது நம் ஊரின் கணக்கு.

பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் கல்லூரி மாணவர்களுக்குத் தனியாக ஓர் அழைப்பு. ஸ்லேட்டரின் மாணவர்கள் கையில் இருந்தது ஒரு வினாப்பட்டியலும் பென்சிலும்தான். வரும் விடுமுறையில் உங்கள் ஊரில் ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தா என்ன வேலை செய்தார், அப்பா என்ன செய்கிறார், அக்கா எங்கே போகிறார். ஏரித் தண்ணீர் கடைசியாக எந்த ஆண்டு வயலுக்குப் பாய்ந்தது. நிலத்தை விற்ற பணம் என்னவாயிற்று. வாடகைக்கு இருக்கும் வெளிமாநிலக் குடும்பத்தின் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகிறது. பெயர்களை மறைத்து, கேட்டதைக் கேட்டபடி எழுதி அனுப்புங்கள். நன்றாக எழுதப்பட்ட தெருக்கணக்குகளை நம் இதழ் தொடர்ந்து வெளியிடும். முதல் கணக்கு எளாவூரிலிருந்து வர வேண்டும் என்பது என் ஆசை.

அன்புடன்,
ஆசிரியர்